ரொட்டி வண்டியின் சாவி

பயணத்தின் பத்தொன்பதாம் நாள்

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். நாங்கள் நால்வரும் கை கால் முழுசாக இருக்கிறோம். நீங்களும் அப்படியே இருக்க வேண்டும்.

வண்டி வாங்கிக் கொடுத்தபோது நீங்கள் போட்ட ஒரே நிபந்தனை மாதம் ஒரு கடிதம். உங்கள் தம்பிக்கு அதுவே பெரிய தண்டனையாகிவிட்டது. நேற்று ஒரு தாளை மடியில் வைத்துக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தான். 'அக்கா, நல்லா இருக்கேன்' என்று எழுதினான். இதுக்கு மேல என்ன இருக்கு என்று என்னைக் கேட்டான். பிறகு, பாட்டு எழுதுறவ நீதானே, இதையும் நீயே எழுதிடு என்று பேனாவை என் கையில் திணித்துவிட்டுப் போய்விட்டான். போனிலும் உங்களுக்கு அதே மூன்று சொல்தான் கிடைக்கிறது என்பது தெரியும். அதனால் இனி வாயாடி எழுதுவாள். எனக்கு அந்தப் பெயரை வைத்தது நீங்கள். அனுபவியுங்கள்.

முதலில் வண்டி. ரொட்டி வண்டியை வாங்கித் தந்தீர்களே, அதன் மேல் பழைய கம்பெனியின் எழுத்து இன்னும் போகவில்லை. 'தினமும் புதுசு' என்பதில் 'தினமும்' மட்டும் அழிந்திருக்கிறது. உள்ளே இன்னும் ரொட்டி வாசனை. எந்த முனையில் நிறுத்தினாலும் யாராவது வந்து கண்ணாடியைத் தட்டி ஒரு பாக்கெட் கேட்கிறார்கள். இந்தப் பத்தொன்பது நாளில் எங்கள் பாட்டைக் கேட்க வந்தவர்களைவிட ரொட்டி கேட்டு வந்தவர்கள்தான் அதிகம். போன வாரம் ஒரு அரங்கில் ஆறு பேர். அதில் ஒருவர் தரை துடைக்க வந்தவர். அவர்தான் கடைசிவரை இருந்தார்.

நாங்கள் நன்றாக வாசிக்கவில்லை, அக்கா. அதை மறைக்க எனக்கு விருப்பமில்லை. வீட்டு மாடியில் நாலு வருஷம் வாசித்தபோது பெரிய ஆட்கள் மாதிரி இருந்தோம். மேடையில் ஏறினால் ஒருவர் எங்கோ தடுக்கினால் போதும், மற்ற மூவரும் திரும்பி அவரை முறைக்கிறோம். கேட்க வந்தவனுக்கு அதுவரை தெரியாத தப்பை நாங்களே விளக்குப் போட்டுக் காட்டிக் கொடுக்கிறோம்.

அதற்காக ஒரு சட்டம் போட்டிருக்கிறோம். கித்தார் வாசிக்கும் வாத்தியார்தான் போட்டான். உங்களுக்குத் தெரியுமே, பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுத்துக்கொண்டிருந்தவன். டியூஷனை விட்டாலும் பரீட்சை வைக்கும் புத்தி அவனை விடவில்லை. நிகழ்ச்சி முடிந்ததும் நால்வரும் வண்டிக்குள் உட்கார வேண்டும். ஒன்று, இரண்டு, மூன்று என்றதும் ஆளுக்கு ஒரு விரலை நீட்ட வேண்டும். அன்றைக்கு யார் மோசமாக வாசித்தார்கள் என்று நினைக்கிறோமோ அவர்கள் பக்கம். அதிக விரல் யார் பக்கமோ அவர்தான் மறுநாள் வண்டி ஓட்ட வேண்டும். இரண்டாவதாக அதிக விரல் வாங்கியவர் ஓட்டுபவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் தூங்காமல் பேசிக்கொண்டே வர வேண்டும். மற்ற இருவரும் பின்னால் நீட்டிப் படுக்கலாம். தன்னைத் தானே காட்டிக்கொள்ளலாம். மேல்முறையீடு கிடையாது.

ஓட்டுநர் சீட்டில் ஒரு ஸ்பிரிங் வெளியே வந்து குத்துகிறது. ஆகவே எல்லோரும் உயிரைக் கொடுத்து வாசிக்கிறார்கள். மிருதங்கமா தவிலா என்று போகிற இடமெல்லாம் கேட்கும் கிழங்களிடம் டிரம்ஸ் என்று பொறுமையாகச் சொல்லிச் சலித்துப்போன எங்கள் இடி, ஐந்து நாள் தொடர்ந்து சாவியை வாங்கினான். டயர் கடையில் வேலை செய்த கை. அடித்தால் ஊர் கேட்கும், ஆனால் வேகம் ஒரே இடத்தில் நிற்காது. ஆறாம் நாள் பாருங்கள், கடிகாரம் மாதிரி வாசித்தான். நேற்று நான் என்னையே காட்டிக்கொண்டேன். இரண்டு வரியை மறந்துவிட்டு 'லாலா' பாடினேன். நியாயமாக நான்தான் ஓட்ட வேண்டும், ஓட்டினேன்.

உங்கள் தம்பி சரியாகச் சாப்பிடுகிறான். பேஸ் கித்தாரைத் தலைமாட்டில் வைத்துத்தான் தூங்குகிறான். வேலை முடிந்து வந்ததும் உங்கள் காலை வெந்நீரில் வைக்கச் சொல்லி எழுதச் சொன்னான். அந்த நாட்டு முதியோர் இல்லத்தில் பெரியவர்களைத் தூக்கித் தூக்கி உங்கள் இடுப்பு போய்விடப் போகிறது என்கிறான். இதை அவனே உங்களிடம் சொன்னால் என்ன என்று கேட்டேன். சிரிக்கிறான்.

அன்புடன்,
வாயாடி

(கீழே உள்ள கிறுக்கல் அவன் கையெழுத்து.)

*

ஏழாம் மாதம்

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். நால்வரும் முழுசாகவே இருக்கிறோம், இடியின் கால் பெருவிரல் நகம் ஒன்றைத் தவிர.

உங்கள் கடிதம் வந்தது. எங்கள் சட்டத்தைப் பற்றி எழுதியிருந்ததைச் சத்தமாகப் படித்தேன். உங்கள் தம்பி காதைப் பொத்திக்கொண்டான். ஓடுகிற எதில் ஏறினாலும் அவன் தூங்கிவிடுவான் என்றும், பள்ளிக்கூட பஸ்ஸில் இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி டிப்போவரை போய்விடுவான் என்றும், நீங்கள் சீருடையோடு நடந்துபோய்க் கடைசி சீட்டிலிருந்து அவனை எழுப்பிக் கூட்டி வருவீர்கள் என்றும் எழுதியிருந்தீர்களே, இடி அதை வைத்து அவனை மூன்று நாளாக ஓட்டுகிறான். டிப்போ வந்தாச்சு, எழுந்திரு என்கிறான்.

சட்டத்தை மாற்றச் சொன்னீர்கள். பேசிப் பார்த்தோம். உங்கள் தம்பியே ஒத்துக்கொள்ளவில்லை. எனக்கு மட்டும் சலுகையா, நான் என்ன குழந்தையா என்றான். அதனால் ஒரு வாக்கு தருகிறேன். அவன் ஓட்டும் நாளில், எனக்கு எத்தனை விரல் வந்தாலும் வராவிட்டாலும், பக்கத்து சீட்டில் நான்தான். என் வாய் ஓயாதவரை அவன் கண் மூடாது. இதை நீங்கள் நம்பலாம்.

நூற்றுப் பதினேழு நிகழ்ச்சி முடித்துவிட்டோம். வேலை மாதிரிதான் இருக்கிறது. சாமான் இறக்கு, வயரைப் பிரி, வாசி, வயரைச் சுற்று, சாமான் ஏற்று. எங்கே வாசித்தோம் என்பது மறந்துவிடுகிறது. எந்த அரங்கில் படி குறுகல், எந்த அரங்கில் கரண்ட் அடிக்கும் மைக் என்பதுதான் ஞாபகத்தில் நிற்கிறது. லிஃப்ட் மெக்கானிக் ஒருவன் கூட இருப்பது எவ்வளவு பெரிய நிம்மதி தெரியுமா? உங்கள் தம்பி மேடைக்குப் போனதும் முதலில் டெஸ்டரை எடுத்து என் மைக்கைத்தான் தொட்டுப் பார்ப்பான். அதற்கப்புறம்தான் என்னைத் தொடவிடுவான்.

ஒரு விஷயம் உங்களிடம் சொல்லியே ஆக வேண்டும். போன மாதம் ஒரு லாட்ஜில், மூன்று ஆண்களோடு வந்த பெண்ணுக்கு அறை கிடையாது என்றான் மேனேஜர். என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்துவிட்டுச் சொன்னான். முந்தைய ஊர் அரங்கில் பெண்களுக்குக் கழிவறையே இல்லை. கேட்டதற்கு, நீங்க எல்லாம் அதுக்கெல்லாம் பழகினவங்கதானேம்மா என்றான் முதலாளி. இப்படி ஒருவனை அறையாமல் மேடையேறிப் பாடுவதற்குத்தான் உண்மையில் பயிற்சி தேவை. அன்று பாடியது என் வாழ்நாளில் நன்றாகப் பாடியது. கோபம் சுருதி சேர்க்கிறது போலிருக்கிறது. மேனேஜர் சொன்னதைக் கேட்டதும் உங்கள் தம்பி தன் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு வண்டிக்கு வந்துவிட்டான், அவன் பின்னாலேயே மற்ற இருவரும். நால்வரும் ரொட்டி வாசனையில் தூங்கினோம்.

நாங்கள் தேறிவிட்டோம், அக்கா. எப்படி என்று சொல்கிறேன். அதைக் கண்டுபிடித்தவன் உங்கள் தம்பி. ஒருநாள் வாத்தியார் ஒரு பாட்டில் பாதி வழியில் வேறு இடத்துக்குத் தாவிவிட்டான். வழக்கம்போல நானும் இடியும் திரும்பி முறைக்கப் போனோம். உங்கள் தம்பி முறைக்கவில்லை. வாத்தியார் தாவிய இடத்துக்குத் தானும் தாவிவிட்டான். கீழிருந்து அந்தக் கனத்த ஒலி வந்ததும் நாங்களும் தானாகப் போய்ச் சேர்ந்தோம். கேட்டவர்கள் கை தட்டினார்கள். முன்கூட்டியே யோசித்து வைத்தது என்று நினைத்துவிட்டார்கள்.

எப்படிடா என்று கேட்டோம். லிஃப்ட் எங்க நிக்குதோ அதான் மாடின்னு வச்சுக்கணும் என்றான். பிறகு, விழுந்தவனத் தூக்காதீங்க, கூட விழுங்க, நாலு பேரும் ஒண்ணா விழுந்தா அதுக்குப் பேரு டான்ஸ் என்றான். ஆறு மாதத்தில் அவன் பேசிய மிக நீளமான வாக்கியம் அதுதான். வாத்தியார் அதைச் சாக்பீஸால் வண்டிக் கதவின் உள்பக்கம் எழுதி வைத்திருக்கிறான்.

இப்போது எண்பது, தொண்ணூறு பேர் வருகிறார்கள். சுவரொட்டியில் எங்கள் பெயரை மறந்துவிட்டு 'ரொட்டி வண்டிக்காரர்கள்' என்று ஒருவன் அடித்துவிட்டான். அதுவே நிலைத்துவிட்டது.

வெந்நீர் வைக்கிறீர்களா என்று கேட்கச் சொன்னான்.

அன்புடன்,
வாயாடி

*

இருபதாம் மாதம்

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். நலம். சேதி நிறைய, நேரம் குறைவு, எழுத்து கோணினால் பொறுத்துக்கொள்ளுங்கள். வண்டி ஓடிக்கொண்டிருக்கிறது.

நேற்று நானூறு பேர். பாட்டு தொடங்கும் முன்பே 'ரொட்டி! ரொட்டி!' என்று கத்துகிறார்கள். நான் எழுதிய வரியை என்னைவிடச் சத்தமாக அவர்கள் பாடியபோது நான் மைக்கை அவர்கள் பக்கம் திருப்பிவிட்டேன். திரும்பி உங்கள் தம்பியைப் பார்த்தேன். அவன் கண்ணை மூடிக்கொண்டு வாசித்தான். அந்த ஒரு நிமிடம் அவனைப் பார்த்திருந்தால் நீங்கள் வண்டி வாங்கித் தந்ததற்கு வருத்தப்படவே மாட்டீர்கள்.

ஒரு பாட்டுக் கம்பெனி ஆள் எங்கள் பின்னாலேயே வருகிறான். வெள்ளைச் சட்டை, மடிப்புக் கலையாத ஆள். எல்லோரிடமும் பேசிவிட்டுக் கடைசியில் என்னோடு மட்டும் கைகுலுக்குகிறான். குழுவில் நான் மட்டும்தான் அவன் கண்ணுக்குத் தெரிகிறேன். இடி அவனுக்கு 'இஸ்திரி' என்று பெயர் வைத்திருக்கிறான். அடுத்த மாதம் பெரிய திடலில் ஒரு நிகழ்ச்சிக்கு ஏற்பாடு செய்திருக்கிறான். அதற்கு முன் இருபது நாளில் பதினேழு ஊர். மனுஷன் செய்கிற வேலையா என்று வாத்தியார் கேட்டான். ஓடினாத்தான் குதிரை என்றான் இஸ்திரி. குதிரைக்காவது தொழுவம் இருக்கும்.

உங்கள் தம்பி மெலிந்துதான் போயிருக்கிறான், மறைக்கவில்லை. இப்போதெல்லாம் சாவி அவனிடமே அதிகம் போகிறது. நீ பேஸ விட ஸ்டியரிங்தான்டா நல்லா வாசிக்கிற என்று இடி கிண்டல் செய்கிறான். வாசிப்பில் ஏதோ அவசரம் தெரிகிறது என்று வாத்தியாரும் சொல்கிறான். களைப்பாக இருக்கலாம். நான் பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டேதான் வருகிறேன். பயப்படாதீர்கள்.

உங்களுக்கு விடுப்பு கிடைத்துவிடும் என்று எழுதியதைப் படித்ததும் அவன் கடிதத்தை வாங்கி அவனே இன்னொரு முறை படித்தான். நீங்கள் எங்களை மேடையில் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. உங்களுக்கு முன்வரிசை. ஸ்பீக்கருக்கு நேராக உட்கார வேண்டாம், நெஞ்சு அதிரும்.

அன்புடன்,
வாயாடி

*

பன்னிரண்டாம் தேதி

அக்காவுக்கு,

போனில் வாத்தியார் உங்களிடம் சொன்னது தவிர எழுத எனக்கு எதுவும் தெரியவில்லை. ஆனாலும் இந்த மாதக் கடிதம் பாக்கி இருக்கிறது.

காலை பத்தரை மணி. நல்ல வெயில். வளைவே இல்லாத சாலை. ஓரத்தில் இரும்புக் கம்பி ஏற்றிய லாரி ஒன்று எச்சரிக்கைப் பலகைகூட வைக்காமல் நின்றிருக்கிறது. உங்கள் தம்பி பிரேக்கைத் தொடவே இல்லை என்று போலீஸ்காரர் சொன்னார். வலி தெரிந்திருக்காது என்று டாக்டர் சொன்னார். பின்னால் படுத்திருந்த எங்கள் மூவருக்கும் பெரிதாக ஒன்றும் இல்லை. எனக்குத் தோளில் காறை எலும்பு மட்டும் உடைந்தது.

அன்று அவன் முறை.

விடுப்புப் படிவத்தில் அப்பா, அம்மா, கணவன், பிள்ளை என்று நாலு கட்டம்தான் இருக்கிறது, தம்பிக்குக் கட்டம் இல்லை என்று, திடல் நிகழ்ச்சிக்கான விடுப்பையும் கடைசி நேரத்தில் மறுத்த உங்கள் மேலதிகாரி சொன்னதாக வாத்தியார் சொன்னான். அடுத்தவர் பெற்றோரை எத்தனை வருஷமாகக் குளிப்பாட்டி, துடைத்து, படுக்க வைக்கிறீர்கள். அந்த ஆளின் முகத்தில் அந்தப் படிவத்தைக் கசக்கி எறிய யாரும் இல்லையா? அடக்கத்தை வாத்தியார் போனில் பிடித்துக் காட்டியதைப் பார்த்தீர்களா என்று எனக்குத் தெரியாது. நான் போன் இருந்த பக்கம் வரவில்லை.

மன்னியுங்கள். கை வலிக்கிறது.

வாயாடி

*

நாலு மாதம் கழித்து

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம்.

உங்கள் கடிதம் போன வாரம் வந்தது. நாலே வரி. 'அத்தனை சொல்லியும் ஸ்டியரிங்கைப் பிடித்தானே. தூக்கம் வரும் என்று அவனுக்குத் தெரியாதா? எல்லாவற்றிலும் அசட்டை. அவனை என்னால் மன்னிக்க முடியவில்லை.'

இதைப் படித்த பிறகு நான் சும்மா இருந்தால் அவனை இரண்டாம் முறை கொன்றவள் ஆவேன். ஆகவே கடைசிவரை படியுங்கள். நடுவில் கிழிக்கத் தோன்றும். கடைசி வரியைப் படித்துவிட்டுக் கிழியுங்கள்.

முந்தின நாள் நிகழ்ச்சி. இஸ்திரி நாலு பெரிய மனிதர்களை அழைத்து வந்து முன்வரிசையில் உட்கார வைத்திருந்தான். நாலாவது பாட்டில் இரண்டாம் சரணம் முடிந்ததும் எட்டு எண்ணும்வரை நான் வாயைத் திறக்கக் கூடாது. அந்த இடம் பேஸுக்கு உரியது. உங்கள் தம்பி தனியாக வாசிக்கும் ஒரே இடம். இருநூறு தடவைக்கு மேல் பாடிய பாட்டு, அக்கா. நான் நாலிலேயே ஆரம்பித்துவிட்டேன். ஏன் என்று கேட்டால், அந்த நாலு பேரின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர்கள் ரசிக்கிறார்களா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவ்வளவுதான் காரணம்.

ஆரம்பித்த அரை நொடியில் எனக்குத் தெரிந்துவிட்டது. அதற்குள் உங்கள் தம்பி தன் இடத்தை விட்டுவிட்டு என்னிடம் வந்துவிட்டான். நான் விழுந்தேன், கூடவே விழுந்தான். இடிக்கும் வாத்தியாருக்கும் நடுவில் இருந்த ஸ்பீக்கரில் அன்று என் குரல் வரவே இல்லை, பேஸ் மட்டும்தான் வந்தது. அவர்கள் காதுக்கு, பேஸ்தான் காரணமில்லாமல் தாவியது. ஒரு நொடி தடுமாறி அவர்களும் வந்து சேர்ந்தார்கள். முன்வரிசை எழுந்து கைதட்டியது.

வண்டிக்குள் வந்து உட்கார்ந்தோம். வாத்தியார் எண்ணினான். ஒன்று, இரண்டு, மூன்று. இடியின் விரலும் வாத்தியாரின் விரலும் உங்கள் தம்பி பக்கம். அவர்கள் மனசறிந்து பொய் சொல்லவில்லை, கேட்டதைக் காட்டினார்கள். நானும் அவன் பக்கம் நீட்டினேன்.

தன்னைத் தானே காட்டிக்கொள்ளலாம் என்பது சட்டத்திலேயே இருக்கிறது. முதல் மாதத்தில் அதைப் பெருமையாக உங்களுக்கு எழுதியவள் நான். ஆறு பேர் முன்னால் தப்பு செய்தபோது ஒத்துக்கொள்ளச் சுலபமாக இருந்தது. வெளியே இஸ்திரி காத்துக்கொண்டிருந்தான். பிரமாதம், அந்தத் தாவல் பிரமாதம் என்று அப்போதுதான் என்னிடம் சொல்லிவிட்டுப் போயிருந்தான். அந்தப் பாராட்டு, அது என் தப்பு என்று என்னைச் சொல்லவிடவில்லை.

உங்கள் தம்பியின் விரல் எந்தப் பக்கம் என்று நீங்கள் கேட்பீர்கள். அவன் தன் நெஞ்சையே காட்டினான். என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே காட்டினான். அவனுக்கு எல்லாம் தெரியும். சாவியை வாங்கி விரலில் ஒரு சுற்று சுற்றினான்.

நாலுக்கு நாலும் ஒருவனுக்கே விழுந்தது அதுவரை நடந்ததே இல்லை. இரண்டாம் இடத்துக்கு ஆளே இல்லை. பக்கத்து சீட்டு யாருக்கு என்று சட்டத்தில் சொல்ல எதுவும் இல்லை. ஆனால் என் வாக்கு இருந்தது. உங்களுக்கு எழுதிக் கொடுத்த வாக்கு.

மறுநாள் காலை வண்டியேறும்போது அவனே சொன்னான், போய்ப் படு, நான் பாத்துக்கறேன் என்று. சாயங்காலம் பெரிய திடல், அதுவரை ஒரு வார்த்தை பேசக் கூடாது, குரலுக்கு ஓய்வு கொடு என்று இஸ்திரி சொல்லியிருந்தான். நான் தொண்டையைத் தொட்டுக் காட்டினேன். உங்கள் தம்பி தலையாட்டினான். பின்னால் போய்ப் படுத்துக்கொண்டேன். வாயாடி அன்றைக்கு ஒருநாள்தான் வாயை மூடிக்கொண்டு வந்தாள்.

இன்னும் இருக்கிறது. ஒவ்வொரு நிகழ்ச்சியையும் வாத்தியார் பதிவு செய்து வைத்திருந்தான். காறை எலும்பு சேரும்வரை படுக்கையில் எனக்கு வேறு வேலை இல்லை. கடைசி ஐம்பது நிகழ்ச்சிகளைக் கேட்டேன். பேஸை மட்டும் காதில் வைத்துக் கேட்டேன். ஒன்பது இடங்களில் நான் அவசரப்பட்டிருக்கிறேன், அல்லது பின்தங்கியிருக்கிறேன். ஒன்பது தடவையும் அவன் என்னோடு வந்திருக்கிறான். அந்த நாட்களின் மறுநாள் யார் வண்டி ஓட்டியது என்று யோசித்துப் பார்த்தேன். ஏழு நாள் அவன். அவன் வாசிப்பில் அவசரம் தெரிகிறது என்று உங்களுக்கு எழுதினேனே, அந்த அவசரம் என்னுடையது. அந்த ஒன்பதில் எட்டை நான் அறியவே இல்லை. கடைசி ஒன்றை அறிந்தும் மறைத்தேன்.

இரண்டு வருஷம் ஓடி ஓடி நாங்கள் கற்றுக்கொண்ட ஒரே வித்தை அதுதான், அக்கா, விழுந்தவனோடு விழுவது. எங்களைக் குழுவாக்கியது அது. எல்லோரையும்விட அதை நன்றாகக் கற்றுக்கொண்டவனை அதற்காகவே தண்டிக்கும் சட்டத்தையும் நாங்களே வைத்திருந்தோம்.

இதை இடியிடமும் வாத்தியாரிடமும் சொல்லிவிட்டேன். வாத்தியார், அன்னைக்கே சொல்லியிருக்கலாமே என்று மட்டும் கேட்டான். கேட்டுவிட்டு உட்கார்ந்து அழுதான். இடி எழுந்து போய்விட்டான். மூன்று நாள் முகம் கொடுக்கவில்லை. நாலாம் நாள் வந்து வாடகை வண்டியின் சாவியை என் மடியில் போட்டான். இனிமே நீதான் என்றான். அன்றிலிருந்து நான்தான் ஓட்டுகிறேன். விரல் நீட்டுவதை நிறுத்திவிட்டோம். பக்கத்து சீட்டில் யாரும் உட்காருவதில்லை. நான் உரக்கப் பேசிக்கொண்டே ஓட்டுகிறேன். பின்னால் இருவரும் தூங்குவதாக நடிக்கிறார்கள்.

விபத்துக்கு அப்புறம் கூட்டம் ஆயிரக்கணக்கில் வருகிறது. உயிரோடு வாசித்தபோது அவன் முகம்கூடத் தெரியாத ஜனங்கள் அவன் படத்தைச் சட்டையில் போட்டுக்கொண்டு வருகிறார்கள். கடைசி நிகழ்ச்சியை அப்படியே வெளியிட வேண்டும், அந்தத் தாவலை வெட்டவே கூடாது, அதுதான் விற்கும் என்கிறான் இஸ்திரி. போலீஸ் அறிக்கையில் ஓட்டுநரின் கவனக்குறைவு என்று இருக்கிறது. லாரிக்காரரையும் போய்ப் பார்த்தேன். இருபது மணி நேரம் ஓட்டவைத்திருக்கிறான் முதலாளி. எச்சரிக்கைப் பலகை கேட்டால் சம்பளத்தில் பிடிப்பானாம். அவர் பெயரும் அறிக்கையில் இருக்கிறது. முதலாளியின் பெயர் இல்லை. இஸ்திரியின் பெயர் இல்லை. என் பெயரும் இல்லை. செத்தவனின் பெயரைத்தான் எல்லோரும் தெளிவாக எழுதுகிறார்கள். நீங்களும் எழுதிவிட்டீர்கள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

வெளியிட நான் கையெழுத்துப் போடவில்லை. அந்தப் பதிவை வாத்தியாரிடமிருந்து வாங்கிவிட்டேன். வேறு பிரதி இல்லை. இந்த உறையில் ஒரு பென் டிரைவ் இருக்கிறது. நாலாவது பாட்டைப் போடுங்கள். இரண்டாம் சரணம் முடிந்ததும் கீழே கனமாக ஒரு ஒலி தனியாக நடந்து வரும். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று எண்ணுங்கள். நாலில் என் குரல் வரும், வரக் கூடாத இடத்தில். உடனே அந்த ஒலி தன் வழியை விட்டுவிட்டு என் பக்கம் வருவதைக் கேட்பீர்கள். கொஞ்சமும் தயங்காமல் வரும்.

அது அசட்டை இல்லை, அக்கா. டிப்போவரை நடந்துபோய் அவனை எழுப்பிக் கூட்டி வந்தீர்களே, அதை அவன் உங்களிடமிருந்துதான் கற்றிருக்க வேண்டும்.

அவன் மேல் வைத்திருக்கும் கோபத்தை எடுத்து இங்கே அனுப்பிவிடுங்கள். முகவரி உங்களுக்குத் தெரியும். அவனை மறுபடி உங்கள் தம்பியாக வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பாட்டை என்ன செய்ய வேண்டும் என்று நீங்கள் சொல்கிறபடி செய்கிறோம். ஒன்றும் சொல்லாவிட்டாலும் மாதம் ஒரு கடிதம் வரும். பிரிக்காமலே போட்டாலும் சரி.

காலை வெந்நீரில் வையுங்கள். கேட்கச் சொல்ல ஆள் இல்லை, நானாகத்தான் கேட்கிறேன்.

பேச வேண்டிய நாளில் பேசாத,
உங்கள் வாயாடி